இணைய விளையாட்டரங்கிற் புதியவர் நிலை

விளையாட்டு என்றதும் எம் கல்லூரிப் பழைய மாணவரின் மனக்கண்ணில் முதலில் எழுவது மைதானமே. அம்மைதானத்தில் எவர் எவரோடு ஆடவேண்டும் என்பதை வகுத்துவைத்த ஓர் ஒழுங்கு இருந்தது, இன்றும் இருக்கின்றது. 15 வயதுக்குட்பட்டோர் ஓரணி. 17 வயதுக்குட்பட்டோர் வேறோரணி. முதலாவது துடுப்பாட்ட அணியின் வேகப் பந்துவீச்சாளர், ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு எதிரே முழு வேகத்தில் ஓடிவந்து பந்தெறிய எந்தத் தேகப்பயிற்சி ஆசிரியரும் இடங்கொடார். சிறுவனின் விரலெலும்பைக் காத்தல் மட்டும் அவர் நோக்கமன்று. அடுத்த நாளும் அவன் மைதானத்துக்கு வரவேண்டும் என்பதும் அவர் நோக்கமாகும்.

இன்று எம் மாணவருட் பலர் இன்னொரு மைதானத்திலும் ஆடுகின்றனர். அது கணினித் திரையிலோ கைத்தொலைபேசியிலோ விரிவது. அதன் எல்லைக்கோடு எந்த நாட்டிலும் முடிவதில்லை. மாலைப் பாடங்களை முடித்துவிட்டு ஒருவன் அங்கே நுழையும்போது, எதிரே நிற்பவர் கொரியாவிலோ போலந்திலோ இருக்கலாம். பன்னிரண்டு வயதினராகவோ நாற்பது வயதினராகவோ இருக்கலாம். நேற்றுத் தொடங்கியவராகவோ பத்தாண்டுப் பயிற்சியுடையவராகவோ இருக்கலாம். வாயிலில் நின்று ஆளைப் பார்த்து அணி பிரிக்கும் ஆசிரியர் அங்கே இல்லை. அவ்வாசிரியரின் கடமையை அங்கே யார் செய்கின்றனர், எவ்வாறு செய்கின்றனர், அது செவ்வனே செய்யப்படாவிடத்து நேர்வது யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டுக்கள் நல்லனவா தீயனவா என்னும் வழக்கை ஈண்டு விசாரிக்க யான் எண்ணவில்லை. விளையாட்டின்மேற் கட்டுப்பாடிழந்து ஏனைய கடமைகளைக் கைவிடும் நிலையை ஒரு கோளாறென உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் திருத்தத்திற் சேர்த்துள்ளது. அத்திருத்தம் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரின் அச்சம் காரணமற்றதன்று என்பதற்கு இஃதொன்றே போதும். ஆயினும், பிள்ளை இரவில் எதனோடு மல்லுக்கட்டுகின்றான் என்பதை அறியாது அவனைக் கண்டிப்பதிலும், அறிந்து பேசுவது பயன்தரும்.

முதலில் ஓர் எளிய கணக்கைக் கவனிப்போம். இருவர் ஆடும் எந்த ஆட்டத்திலும் வெற்றி தோல்வி ஏற்படின் ஒருவர் தோற்றே ஆகவேண்டும். நூறுபேர் ஒருவரோடொருவர் மாறிமாறி ஆடும் ஒரு களத்தில், அவருள் மிக மெலியவர் ஏறக்குறைய எப்போதும் தோற்பார். சில நாள் பொறுத்துப் பார்த்து அவர் போய்விடுவார். அவர் போனபின் முன்னர் இரண்டாவது மெலியவராயிருந்தவர் இப்போது மிக மெலியவராகின்றார். அவர் திறமை குறையவில்லை, ஆயினும் இனி எப்போதும் தோற்பவர் அவரே. அவரும் போவார். இவ்வாறு கீழ்ப்படி ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வரின், ஈற்றில் மேற்படியில் நிற்கும் வல்லவர்கள் தமக்குள் தாமே ஆடி அலுத்து, அவர்களும் களத்தை விட்டகல்வர். பல இணைய விளையாட்டுக்கள் மடிந்த வரலாறு இதுவே. வீரர்கள் தம்மால்தான் விளையாட்டு வாழ்கின்றது என்று நினைப்பது வழக்கம். ஆனால் நேற்று வந்த புதியவர் நாளையும் வருவாரா என்பதிலேயே அதன் ஆயுள் தங்கியிருக்கின்றது.

இவ்வகை விளையாட்டுக்களின் மூதாதையென ஒன்றைக் குறிப்பிடலாம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ற்றப்ஷோ என்னும் மாணவர் ஒரு கற்பனை நிலத்தைக் கணினியிலே சொற்களால் அமைத்தார். பின்னர் ரிச்சாட் பார்ட்டில் என்பவர் அதனை விரிவாக்கினார். ‘மட்’ என்று அதற்குப் பெயர். படமில்லை, ஒலியில்லை, எழுத்து மட்டுமே. செல்வம் தேடியும் பகை வென்றும் புள்ளி சேர்ப்பவர் படிப்படியாக உயர்ந்து, உச்சியில் ‘மந்திரவாதி’ என்னும் பட்டத்தைப் பெறுவர். அப்பட்டத்தோடு அந்நிலத்தை ஆளும் அதிகாரமும் ஓரளவு அவருக்குக் கிடைத்தது. ஆகவே புதியவரைத் தாங்குவதும் துன்புறுத்துவதும் அவ்வாறு உயர்ந்தவரின் குணத்தைப் பொறுத்திருந்தன. பார்ட்டில் 1996இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், இத்தகைய நிலங்களுக்கு வருவோரை நால்வகையினராகப் பிரித்தார்: புள்ளி சேர்ப்போர், இடங்களை ஆராய்வோர், பிறரோடு உரையாட வருவோர், பிறரை வருத்தி மகிழ்வோர். நான்காம் வகையினர் பெருகினால் முதலாம், மூன்றாம் வகையினர் குறைந்துவிடுவர் என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. இஃது எந்தப் பாடசாலை மாணவர் விடுதிக்கும் பொருந்தும் என்பதை விடுதியில் வாழ்ந்த அன்பர்கள் உடனே ஒப்புக்கொள்வர்.

ஆயிரக்கணக்கானோர் கூடும் களத்தில் ஆளுக்கு ஆள் குணம் பார்த்து அணி பிரித்தல் இயலாது. ஆகவே திறமையை ஓர் எண்ணாக்க வேண்டிய தேவை எழுந்தது. அதற்கான கருவி கணினியுலகிலிருந்து வந்ததன்று; சதுரங்கப் பலகையிலிருந்தே வந்தது. ஹங்கேரியிற் பிறந்து, அமெரிக்காவில் மில்வோக்கி நகரத்து மார்க்குவெற் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் கற்பித்த ஆர்ப்பாட் ஈலோ என்னும் பேராசிரியர் அதனை வகுத்தார். 1960இல் அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனமும், 1970இல் உலகச் சதுரங்கச் சம்மேளனமும் அம்முறையை ஏற்றுக்கொண்டன.

ஈலோவின் கருத்து மிக எளியது. ஒவ்வொருவருக்கும் ஒரு தரப்புள்ளி உண்டு. இருவருடைய தரப்புள்ளிகளின் வேறுபாடு, அவர்களுள் எவர் எத்துணை வெல்வர் என்னும் எதிர்பார்ப்பைத் தருகின்றது. வேறுபாடு 200 ஆயின், நூறு ஆட்டங்களில் வல்லவர் ஏறத்தாழ 76 புள்ளி பெறுவார் என்பது எதிர்பார்ப்பு. 400 ஆயின் ஏறத்தாழ 91. ஆட்டம் முடிந்தபின், நடந்தது எதிர்பார்ப்பை எவ்வளவு மீறிற்றோ அவ்வளவுக்குத் தரப்புள்ளி கூடும் அல்லது குறையும். உதாரணமாக, 1600 உடையவர் 1400 உடையவரோடு ஆடுகின்றார் என்க. மாற்றத்தின் பேரளவு 20 ஆயின், வல்லவர் வென்றால் அவருக்குக் கிடைப்பது 4.8 புள்ளி மட்டுமே. தோற்றாலோ 15.2 புள்ளியை இழப்பார். மெலியவர் அதனைப் பெறுவார். மெலியவரை அடித்து உயரலாம் என்னும் பேராசைக்கு இவ்வாறு கணக்கே தடை போடுகின்றது. இதிலுள்ள நீதி எனக்கு மிகவும் பிடித்தமானது. பரீட்சைப் புள்ளிபோல் இது நிலையானதுமன்று. இன்றைய நிலையை மட்டும் காட்டி, நாளைய ஆட்டத்தால் தானே திருந்துவது.

ஆனால் இம்முறை தடுமாறுமிடம் ஒன்றுண்டு. அவ்விடமே எமது பொருள். இதுவரை ஓர் ஆட்டமும் ஆடாதவரின் தரப்புள்ளி யாது?

அவருக்கு நடுவான ஓர் எண்ணைக் கொடுத்துத் தொடங்குவது ஒரு வழி. அவர் உண்மையில் மெலியவராயின், தம்மிலும் வல்லவரோடு தொடர்ந்து மோதி, தோற்றுத் தோற்றுத் தமக்குரிய இடத்துக்கு இறங்குவார். மெல்ல இறங்கினால் இருபது முப்பது ஆட்டங்கள் வீணே துன்பப்படுவார். போதாக்குறைக்கு, 1500இல் தொடங்கி 1200 வரை இறங்கி மனமுடைந்து போய்விட்டவர், தாம் இழந்த 300 புள்ளியையும் களத்திலேயே விட்டுச்செல்கின்றார். இத்தகையோர் பலராயின், எஞ்சியவர்களின் எண்கள் திறமை வளராமலே வீங்கிவிடும். பணவீக்கத்தைப் படித்த வணிக வகுப்பு மாணவருக்கு இது புதிதாயிராது.

இக்குறையை நீக்க, மார்க் கிளிக்மன் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் 1995இல் ‘கிளிக்கோ’ என்னும் முறையை அமைத்தார். ஒருவருக்கு ஓரெண் போதாது, இரண்டு வேண்டும் என்றார் அவர். முதலாவது தரப்புள்ளி, இரண்டாவது, அத்தரப்புள்ளியை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்டும் ஐயப்பாட்டளவு. புதியவரின் ஐயப்பாட்டளவு பெரிது. ஆகவே அவருடைய எண் ஒவ்வோராட்டத்திலும் பெரும் பாய்ச்சலாக ஏறும் அல்லது இறங்கும். சில ஆட்டங்களிலேயே அவர் தமக்குரிய இடத்தை அணுகிவிடுவார். நெடுங்காலம் ஆடியவரின் எண்ணோ சிறு சிறு அடியாகவே அசையும். நெடுநாள் ஆடாதிருந்து மீண்டும் வருபவருக்கு ஐயப்பாட்டளவு மறுபடியும் பெருகும். இம்முறையின் பிந்திய வடிவத்தையே ‘லிசெஸ்’ என்னும் இலவசச் சதுரங்கத் தளம் பயன்படுத்துகின்றது. 2010இல் பிரான்சைச் சேர்ந்த திபோ டுப்பிளெசி தொடங்கிய அத்தளம், விளம்பரமின்றி நன்கொடையால் நடைபெறுவது. அங்கே புதியவர் 1500இல் தொடங்குவார். அவர் எண்ணுக்கு அருகே ஒரு வினாக்குறி நிற்கும். ‘இவரைப்பற்றி இன்னும் உறுதியாய்த் தெரியாது’ என்பதே அவ்வினாக்குறியின் பொருள். புதியவரைப்பற்றி இதனிலும் நேர்மையான ஓர் அறிவித்தலை யான் கண்டதில்லை.

மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் கேம்பிறிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தார் தமது ‘எக்ஸ்பொக்ஸ்’ விளையாட்டுப் பொறிக்காக அமைத்த ‘ற்றூஸ்கில்’ முறை 2006இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. இருவர் ஆட்டத்துக்கு மட்டுமன்றி, பலர் குழுவாய் ஆடும் ஆட்டங்களுக்கும் பொருந்துவது அது. அதில் ஒரு நுட்பம் உண்டு. புதியவரின் திறமை 25 என ஊகிக்கப்படும். ஐயப்பாட்டளவு 25இல் மூன்றிலொன்று. ஆனால் பெயர்ப்பட்டியலில் ஆட்டக்காரரை வரிசைப்படுத்தும்போது, ஊகத்திலிருந்து ஐயப்பாட்டளவின் மூன்று மடங்கைக் கழித்துக் கணக்கிடுவர். 25இலிருந்து 25 போக மிச்சம் பூச்சியம். எனவே புதியவர் தம் பெயரைப் பூச்சியத்திற் காண்பார். ஆடஆட ஐயம் குறையும்; ஐயம் குறையக் காட்டப்படும் எண் உயரும். வெற்றி பாதி தோல்வி பாதியாய் ஆடுபவரும் முதல் நாட்களில் தாம் ஏறுவதையே காண்பார். எதிராளியைத் தேடும்போது கணினி நடுவான ஊகத்தை வைத்துத் தேடும். வரிசையில் வைக்கும்போது தாழ்ந்த எண்ணைக் காட்டும். இஃது ஒருவகை ஏமாற்று எனச் சிலர் கூறலாம். யான் அவ்வாறு கருதேன். அறியாததை அறிந்ததுபோற் காட்டாமல், ‘இந்த அளவாவது நிச்சயம்’ என்று சொல்லத்தக்கதை மட்டும் காட்டுகின்றது அது.

எண் சரியாய் அமைந்து, எதிராளியும் சரியாய்ப் பொருத்தப்பட்டபின் ஒரு விசித்திரமான நிலை தோன்றுகின்றது. ஒவ்வொருவரும் தம் ஆட்டங்களில் ஏறத்தாழப் பாதியை வெல்வர், பாதியைத் தோற்பர். தொடங்கிய மாதத்திலும் அப்படியே. ஐந்தாண்டு கழித்தும் அப்படியே. திறமை வளர வளர எதிராளியும் வளர்ந்துகொண்டே வருகின்றார். வெற்றிகளை மட்டும் எண்ணிப்பார்ப்பவனுக்குத் தான் ஓரடியும் முன்னேறவில்லை என்றே தோன்றும். இளைஞர் சிலர் இரவெல்லாம் ஆடியும் மனநிறைவு காணாது சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என எண்ணுகின்றேன். ஆறு மாதத்துக்கு முன் ஆடிய ஆட்டத்தை எடுத்துப் பார்த்து, அன்று விட்ட பிழையை இன்று விடுகின்றோமா என நோக்கினாலன்றி வளர்ச்சி கண்ணுக்குப் புலனாகாது. சதுரங்கம் ஆடுவோர் தம் நகர்வுகளை எழுதிவைக்கும் வழக்கம் இவ்வகையில் மிகச் சிறந்தது.

இவ்வொழுங்கைக் குலைப்போரும் உளர். வல்லவர் ஒருவர் புதுப்பெயரிற் பதிவுசெய்து புதியவர்போல் நுழைவார். கணினி அவரைப் புதியவரென்றே நம்பி, உண்மையான புதியவர்களோடு பொருத்தும். அவர்களை எளிதில் வீழ்த்தி மகிழ்வார். இத்தகையோரை ‘ஸ்மேர்ப்’ என்று அழைப்பர். 1990களில் வல்ல ஆட்டக்காரர் இருவர் தம்மை மறைக்க ஒரு சித்திரக்கதைப் பாத்திரங்களின் பெயரைச் சூடிக்கொண்டதால் வந்த பெயரென்பர். ஐவருக்கு ஐவர் மோதும் ‘டோற்றா 2’ என்னும் விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம், இத்தகைய 90,000 கணக்குகளை நீக்கியதாக 2023 செப்ரெம்பரில் அறிவித்தது. ஆறாம் வகுப்புச் சிறுவனின் காற்சட்டையை அணிந்துகொண்டு முதலாம் அணி வீரர் பந்தெறிய வந்தால் நாம் சிரிப்போம். முகம் தெரியாத களத்தில் அச்சிரிப்புக்கு இடமில்லை. அடிபட்ட சிறுவனுக்கு ‘எனக்கு இது வராது’ என்னும் எண்ணமே மிஞ்சுகின்றது.

புதியவரைத் தோல்வியிலிருந்து காப்பாற்ற வேறொரு வழியையும் சில நிறுவனங்கள் கண்டன. ‘போட்நைற்’ என்னும் விளையாட்டில் நூறுபேர் ஒரு தீவில் இறங்கி, ஈற்றில் ஒருவரோ ஒரு குழுவோ மட்டும் எஞ்சும்வரை பொருதுவர். தனியே ஆடுபவர் சராசரியாக நூறு ஆட்டத்தில் ஒன்றையே வெல்ல முடியும் என்பது கணக்கு. 2019இல் அதனை நடத்துவோர், மனிதர்போல ஆடும் கணினிப் பொம்மைகளைக் களத்திற் கலந்துவிடப்போவதாக அறிவித்தனர். திறமை வளர வளர அப்பொம்மைகள் குறையும் என்றும் கூறினர். நோக்கம் நல்லதே. ஆனால் எதிரே நிற்பது மனிதரா பொம்மையா என்பதைக் களத்தில் நிற்பவனுக்குச் சொல்லாது விடுதல் எனக்கு உடன்பாடன்று. நீந்தப் பழகுபவனுக்கு மிதவை கொடுக்கலாம். மிதவை கட்டியிருப்பதை அவனுக்கு மறைத்தல் ஆகாது.

எண்ணால் ஆளைப் பிரிக்காமலே வல்லவரையும் புதியவரையும் ஒரே பலகையில் உட்காரவைக்கும் பழைய கலை ஒன்று கீழைத்தேயத்தில் உண்டு. சீனர் வெய்ச்சி என்றும், கொரியர் பதுக் என்றும், யப்பானியர் கோ என்றும் வழங்கும் காய்விளையாட்டு அது. 19 நெடுங்கோடும் 19 குறுங்கோடும் வெட்டும் புள்ளிகளில் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து நிலம் வளைப்பது. அங்கே இருவருடைய தரத்துக்கும் உள்ள வேறுபாடு எத்தனை படியோ, ஏறக்குறைய அத்தனை காய்களை மெலியவர் முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொள்வார். இரண்டு முதல் ஒன்பது வரை வைப்பது வழக்கம். அதன்பின் இருவரும் முழுமூச்சுடன் ஆடலாம். வல்லவர் விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை, மெலியவர் இரக்கத்தை ஏற்கவேண்டியதுமில்லை. அவருடைய வளர்ச்சியும் கண்முன்னே தெரியும்: சென்ற ஆண்டு ஏழு காய் வேண்டியிருந்தது, இவ்வாண்டு நான்கு போதும். இணையத்தில் கோ ஆடும் தளங்களும் இவ்வழக்கைக் கைக்கொண்டன. துப்பாக்கி ஏந்தும் இன்றைய விளையாட்டுக்கள் இதனை ஏன் பின்பற்றவில்லை என்று யான் வியந்ததுண்டு. காய் கொடுத்து ஆடுதல் இருதிறத்தாரும் ஒப்புக்கொண்டு செய்யும் மரியாதை. முகமறியாதாரிடையே அம்மரியாதையை எழுப்புதல் அரிது என்பதே விடையாகலாம்.

இதுவரை கூறியன ஒருவரை ஒருவர் வெல்லும் ஆட்டங்கள். பலர் ஆண்டுக்கணக்காக ஒரே உலகில் வாழும் விளையாட்டுக்களில் சிக்கல் வேறு. அங்கே பழையவர் சேர்த்துவைத்த ஆற்றல் புதியவர் முன்னே மலைபோல் நிற்கும். ஐஸ்லாந்தின் தலைநகராகிய ரெய்க்யவிக்கிலுள்ள ‘சிசிபி’ நிறுவனம் 2003 மே மாதத்தில் தொடங்கிய ‘ஈவ் ஒன்லைன்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. விண்வெளியிலே கலஞ்செலுத்தி வாணிகமும் போரும் நடத்தும் அவ்விளையாட்டில், திறன்கள் கடிகார நேரத்தோடு வளர்வன. ஆடுபவர் உறங்கினாலும் அவர் தெரிந்தெடுத்த திறன் வளர்ந்துகொண்டேயிருக்கும். அப்படியாயின் 2003இல் வந்தவரை இன்று வருபவர் எக்காலத்திலும் எட்டமுடியாதே?

இங்கேதான் அமைப்பாளரின் கணக்கு அழகாய் நிற்கின்றது. ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து படிகள். மிக எளிய திறனொன்றின் முதற்படிக்கு 250 புள்ளி போதும். மூன்றாம் படியை எட்ட மொத்தம் 8,000. நான்காம் படிக்கு ஏறத்தாழ 45,255. ஐந்தாம் படிக்கு 256,000. ஆனால் ஒவ்வொரு படியும் தரும் பயன் பெரும்பாலும் ஒரேயளவானது. ஆகவே மொத்த உழைப்பில் ஐந்திலொன்றுக்குங் குறைவானதைச் செலுத்தியவர், மொத்தப் பயனில் ஐந்தில் நாலு பங்கைப் பெற்றுவிடுகின்றார். எஞ்சிய ஒரு பங்குக்காகவே பழையவர் மாதக்கணக்கிற் காத்திருக்கின்றார். ஒரு குறித்த கலத்தைச் செலுத்துவதில், சில மாதப் பயிற்சியுடையவர் பத்தாண்டுக்காரருக்கு அருகே வந்துவிடலாம். பழையவரின் மேன்மை அகலத்தில் இருக்கின்றது: பலவகைக் கலங்களை அவர் செலுத்துவார். ஆனால் ஒரு வேளையில் ஒரு கலத்தில்தானே அமரமுடியும்!

அன்றியும், சிறு கலத்துக்கும் பெரும்போரில் ஒரு வேலை உண்டு. விலைகுறைந்த சிறு கலத்திற் செல்லும் புதியவர், பகைவரின் பெரிய போர்க்கலம் தப்பியோடாதபடி அதன் இயந்திரத்தை முடக்கிப் பிடித்துவைக்கலாம். தோழர் வந்துசேரும்வரை அவர் பிடி விடாதிருந்தால் வெற்றியில் அவருக்கும் உரிய பங்குண்டு. அவர் கலம் அழிந்தாலும் இழப்புச் சிறிது. இதனை உணர்ந்த ஆட்டக்காரர் சிலர் 2004இலே ‘ஈவ் பல்கலைக்கழகம்’ என்றொரு சங்கத்தைத் தாமாகவே நிறுவினர். நிறுவனத்தின் கூலி பெறாது, புதியவருக்கு வகுப்பு நடத்துவதும் அவரை உடனழைத்துச் செல்வதும் அதன் பணி. களவும் வஞ்சகமும் அனுமதிக்கப்பட்ட விளையாட்டு அது என்பதை நினைக்குங்கால் இதன் அருமை விளங்கும். புதியவர் தொடங்கும் சில மண்டலங்களில் மட்டும் அவர்களை வருத்துதல் விதியால் தடுக்கப்பட்டுள்ளது.

2016 பெப்ரவரியில் அந்நிறுவனம் திறன்புள்ளிகளை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு விற்க வழிசெய்தது. ஐந்து மில்லியன் புள்ளிக்குக் குறைந்தவர் அதனை வாங்கினால் 500,000 புள்ளி முழுமையாகச் சேரும். எண்பது மில்லியனுக்கு மேற்பட்டவருக்கு 150,000 மட்டுமே சேரும். புதியவருக்குச் சலுகை என்று இதற்குக் காரணங் காட்டலாம். ஆயினும் மெய்யான காசு கொடுத்து இவ்வழியில் ஆற்றல் பெறலாம் என்ற நிலை வந்தபின், காசில்லாத மாணவனுக்கு அச்சலுகையாற் பயன் யாது? காத்திருத்தல் எல்லாருக்கும் சமமாய் இருந்தது, காசு அப்படியன்று.

இவையெல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்த ஏற்பாடு யப்பானிய விளையாட்டொன்றில் உள்ளது. ‘பைனல் பன்ரசி 14’ என்பது அதன் பெயர். 2010இல் வெளிவந்தபோது அது படுதோல்வியடைந்தது. நிறுவனத்தார் நவோக்கி யொஷிடா என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, 2012இல் பழைய உலகை மூடி, 2013 ஓகஸ்ட்டில் புதிதாய்க் கட்டித் திறந்தனர். அங்கே புதியவரின் பெயரருகே ஒரு பச்சைத் தளிர் காணப்படும். அவரைக் கண்டால் யாவரும் அறிவர். நால்வர் சேர்ந்து செல்லவேண்டிய குகைகளும் கோட்டைகளும் உண்டு; ஒருவர் அடி தாங்குவார், ஒருவர் காயம் ஆற்றுவார், இருவர் தாக்குவர். புதியவர் அங்கே தனியே செல்ல வழக்கமாய்த் துணை வேண்டும். ஆனால் அவ்விடத்தை நூறுமுறை கண்ட பழையவருக்கு மீண்டும் அங்கே என்ன வேலை?

அமைப்பாளர் அதற்கு மூன்று செய்தனர். பழையவர் கீழ்ப்படி இடத்துக்குச் சென்றால் அவர் ஆற்றலும் அவ்விடத்தின் அளவுக்குக் குறைக்கப்படும். ஆகவே அவர் எல்லாவற்றையும் தாமே ஒரு வீச்சில் முடித்துப் புதியவரை வெறும் பார்வையாளராக்க முடியாது. நாளொன்றுக்கு ஒருமுறை, எந்த இடமெனத் தாமே தெரியாது சீட்டுக் குலுக்குமாறு விடுபவருக்கு நல்ல பரிசு உண்டு. அதனாற் பழைய இடங்களுக்கும் ஆள் வந்துகொண்டேயிருக்கும். மூன்றாவதே மிக நுட்பமானது. நால்வருள் ஒருவர் அவ்விடத்துக்கு முதன்முறை வந்தவராயின், அவ்விடயம் யாவருக்கும் அறிவிக்கப்பட்டு, முடிவில் மற்றவர்களுக்கு மேலதிகப் பரிசு கிடைக்கும். எவர் புதியவர் என்று பெயர் கூறப்படுவதில்லை. பல விளையாட்டுக்களிற் புதியவர் வந்ததும் ‘ஐயோ, சுமை வந்துவிட்டது’ என முணுமுணுக்கும் பழையவர், இங்கே அவர் வரவால் இலாபம் அடைகின்றார். பரிசுக்காகத்தானே பொறுமை காட்டுகின்றனர் எனக் குறைகூறுவோர் இருக்கலாம். இருக்கட்டும். பொறுமை காட்டப்பெற்றவர் அதன் காரணத்தை விசாரிப்பதில்லை. அடுத்த ஆண்டு தாமும் பழையவராகும்போது, தமக்குக் காட்டப்பட்டதையே பிறருக்குக் காட்டுகின்றார்.

எம் நாட்டிலிருந்து ஆடுவோருக்கு இன்னுமொரு தடையுண்டு. அதனைத் திறமைக் குறைவென மயங்கக்கூடாது. நிகழ்நிலை விளையாட்டின் செய்தி, அதனை நடத்தும் கணினி உள்ள இடத்துக்குச் சென்று மீளவேண்டும். அக்கணினி சிங்கப்பூரில் இருப்பின், கொழும்பிலிருந்து தூரம் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். ஒளியிழையில் ஒளி செல்லும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர். நேர்கோட்டிற் சென்று மீண்டாலும் வினாடியின் ஆயிரத்தில் 27 பங்கு கழிந்துவிடும். இழை வளைந்து செல்வதாலும் இடையிலுள்ள நிலையங்களாலும் உண்மையில் அது இன்னுங் கூடும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கணினி இருப்பின் பன்மடங்காகும். கணினிக்கு அருகிலிருப்பவன் சுட்டு முடித்தபின்னரே எம்மவன் பகைவனைக் காண்பான். தரப்புள்ளியோ இதனை அறியாது. அவனை மெலியவன் என்றே எழுதிவைக்கும்.

ஆதலால் புதிதாய்த் தொடங்க விரும்பும் மாணவர், முறைவைத்து ஆடும் சதுரங்கம், கோ முதலியவற்றில் தொடங்குவது நன்று. பத்து நிமிட ஆட்டத்தில் அத்துணைச் சிறு தாமதம் ஒன்றும் செய்யாது. முதற் சில ஆட்டங்களில் எண் பெரும் பாய்ச்சலாய்க் கீழிறங்கினால் அஞ்சவேண்டியதில்லை. வினாக்குறி அருகே நிற்கும்வரை அவ்வெண் ஒரு விசாரணை மட்டுமே. பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் கடந்து அவ்வினாக்குறி மறைந்தபின் எதிரே வந்து அமர்பவர், பெரும்பாலும் தம்மைப்போலவே நேற்றுத் தொடங்கிய ஒருவராயிருப்பார்.